திருப்பதியிலும் சித்தூரிலும் நடப்பவரின் பாதை

திருமலைக்கு நடந்து ஏறும் வழிகளில் இரண்டு இன்று முழுப் புழக்கத்தில் இருக்கின்றன. திருப்பதியின் வடக்கு ஓரத்தில், அலிபிரியில் தொடங்குவது ஒன்று; அதில் 3,550 படிகள். சந்திரகிரிப் பக்கம் சீனிவாசமங்காபுரத்தை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு மற்றொன்று. அதில் 2,388 படிகள். சாலைப் பொறியியல் என்று ஒரு துறை பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே நடப்பவரின் தேவையறிந்து உருவான பாதைகள் இவை. செங்குத்தான இடத்தில் படி, சமதளத்தில் கல் பாவிய நடை, மூச்சு வாங்கும் தூரத்தில் மண்டபம், தண்ணீர், இரவில் ஒதுங்க இடம் எல்லாம் படிப்படியாகச் சேர்ந்தன. அலிபிரிப் பாதையின் படிகளுக்கும் கோபுரங்களுக்கும் பதினேழாம் நூற்றாண்டில் செலவு செய்தவர்களில் மட்லி அரச குடும்பத்து அனந்தராஜன் பெயர் முதன்மையாகச் சொல்லப்படுகிறது. ஏற்றத்தின் கடுமையான பகுதிக்குத் தமிழ் யாத்திரிகர்கள் முழங்கால் முறிச்சான் என்று பெயர் வைத்தார்கள். ஆதிசேஷனே மலையாகக் கிடக்கிறான் என்று கருதிய இராமானுசர் காலால் மிதிக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் என்ற ஐதிகம் அந்த இடத்தைச் சுற்றியே வழங்குகிறது.

நடந்து வந்தவர்களுக்குச் சோறும் வேண்டும். திருமலையிலும் திருப்பதியிலும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. அவற்றில் அடிக்கடி வரும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒருவர் பெருமாளுக்கு அமுதுபடி கட்டளை வைத்தால், அந்தப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று அவருக்குச் சேரும். பலர் அந்தப் பங்கை வழிப்போக்கர்களுக்கே எழுதி வைத்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் மலைமேலும் கீழும் இராமானுச கூடங்களை ஏற்படுத்தி, அவற்றைக் கந்தாடை இராமானுச ஐயங்காரின் பொறுப்பில் விட்டபோது, இந்த விழுக்காட்டுச் சோறுதான் அங்கு வந்தவர்களின் பசியாற்றியது. நடைபாதை என்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும்.

மலையடிவாரத்து ஊரும் நடப்பவர்களால் வளர்ந்ததே. இராமானுசர் 1130-இல் கோவிந்தராசப் பெருமாளை இங்கு எழுந்தருளச் செய்தார் என்பது வைணவ மரபு. அந்தக் கோயிலைச் சுற்றித்தான் இன்றைய திருப்பதியின் பழைய வீதிகள் அமைந்தன. மாட வீதிகளின் அகலத்தை முடிவு செய்தவை தேரும், தேரோடு நடக்கும் கூட்டமும்தான். தேர் திரும்ப மூலையில் இடம் விட வேண்டும். வடம் பிடிப்பவர்கள் நேராக நிற்க நீளம் வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் ஒதுங்கத் திண்ணை வேண்டும். ஆண்டில் சில நாட்கள் வரும் உச்சக் கூட்டத்தை அளவாக வைத்து வீதி அமைக்கும் இந்த முறை இன்றைய பொறியாளர்களுக்கும் அந்நியமானதன்று. உச்ச நேரப் பளுவுக்குத்தான் அவர்களும் சாலை வடிவமைக்கிறார்கள். அந்தக் காலத்தில் எண்ணப்பட்டவர்கள் மனிதர்கள் என்பது மட்டும் வேறு.

சித்தூரின் கதை படையிலும் நிர்வாகத்திலும் தொடங்குகிறது. சென்னைப் பக்கத்துச் சமவெளியிலிருந்து மைசூர்ப் பீடபூமிக்கு ஏறும் வழிகளில் ஒன்று சித்தூரைக் கடந்து, மொகிலி கணவாய் வழியாகப் பலமனேருக்குப் போகிறது. 1782 டிசம்பரில் ஹைதர் அலி இறந்தது சித்தூருக்கு அருகில் நரசிங்கராயன்பேட்டையில் அமைந்திருந்த பாசறையில். 1791-இல் கார்ன்வாலிஸ், ஆம்பூர் வழியாகப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மொகிலி கணவாய் ஏறித்தான் பெங்களூரை முற்றுகையிடச் சென்றார். பின்னர் சித்தூர் வடஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடமானது. 1911 ஏப்ரல் 1-இல் வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுகாக்களைப் பிரித்துத் தனிச் சித்தூர் மாவட்டம் அமைத்தபோது அதற்கும் அதுவே தலைநகரமாயிற்று. கச்சேரிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் வருபவர்கள், சந்தைக்கு வெல்லம் ஏற்றி வரும் மாட்டு வண்டிகள், பெங்களூர் போகும் நெடுவழிப் போக்குவரத்து ஆகிய மூன்றும் ஒரே ஹை ரோட்டைப் பங்கிட்டுக் கொண்டன. ஊரின் கடைத்தெருவே நாட்டின் நெடுஞ்சாலையாகவும் இருந்தது. சித்தூரின் போக்குவரத்துச் சிக்கல்களில் பெரும்பகுதிக்கு வேர் இதுதான்.

திருப்பதியை மாற்றிய முதல் சக்கரம் ரயிலின் சக்கரம். 1860களில் சென்னை – பம்பாய் அகல ரயில் பாதை ரேணிகுண்டா வழியாகப் போடப்பட்டது. அங்கே இறங்கியவர் திருப்பதிக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டர் போக வேண்டும். 1891-இல் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, திருப்பதி வழியாகக் கூடூருக்குச் சென்றது; இரண்டு ஊர்களுக்கும் ரயில் நிலையம் கிடைத்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1886-இல், திருப்பதிக்கு நகராட்சி அமைந்துவிட்டது. தெருவைப் பெருக்குவது, விளக்குப் போடுவது, யாத்திரிகர் கூட்டத்தால் பரவும் காலராவைத் தடுப்பது என்று அக்கால நகராட்சிகளுக்கு வேலை நிறைய இருந்தது. அதுவரை பல நாள் நடையில் ஊருக்குள் சிறிது சிறிதாக வந்த கூட்டம், ரயிலுக்குப் பிறகு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் இறங்கியது. நிலையத்தைச் சுற்றிச் சத்திரங்கள் எழுந்தன. அலிபிரி வரை ஜட்காவும் மாட்டு வண்டியும் ஓடின. மலையேற முடியாத முதியவர்களையும் வசதியுள்ளவர்களையும் டோலியில் வைத்துத் தூக்கிச் செல்வது பலருக்குப் பிழைப்பாயிற்று. ரயில் கொண்டுவந்த இன்னொன்றை அன்று யாரும் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள்: இருப்புப்பாதை ஊரைக் குறுக்கே வெட்டியது. அதைக் கடக்க மேம்பாலமும் சுரங்கப்பாதையும் அமைப்பது இன்றுவரை தீராத வேலையாக இருக்கிறது.

மலைக்குமேல் சக்கரம் ஏறியது 1944-இல். திருமலைக் கோயிலின் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடமிருந்து 1933-இல் தேவஸ்தானத்தின் கைக்கு வந்த பிறகு, வண்டிச் சாலை வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் ஆலோசனையில் வடிவமைக்கப்பட்ட முதல் மலைச்சாலையை 1944 ஏப்ரல் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்து வைத்தார். அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் அந்த ஒரே சாலையைப் பகிர்ந்துகொண்டிருந்த நிலை, 1970களின் முற்பகுதியில் இரண்டாவது சாலை வந்த பிறகே மாறியது. இன்று பழைய சாலை இறங்குவதற்கு, புதியது ஏறுவதற்கு. வேகத்தைக் கட்டுப்படுத்த இங்கு ஓர் எளிய முறை பின்பற்றப்படுகிறது. சோதனைச் சாவடியில் வண்டிக்கு நேரம் குறித்த சீட்டுக் கொடுக்கிறார்கள். ஏற்றத்துக்கு 28 நிமிடம், இறக்கத்துக்கு 40 நிமிடம் என்பதற்கு முன்னதாக மறுமுனையில் வந்து நின்றால் அபராதம். எந்தக் கருவியும் இல்லாமல் சராசரி வேகத்தை அளக்கும் இந்த வழி, நாட்டின் பல மலைச்சாலைகளுக்கும் கொண்டுபோகத் தக்கது.

தொடக்கத்தில் தேவஸ்தானமே மலைக்குப் பேருந்து விட்டது. பிறகு அந்தப் பொறுப்பு ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மாறியது. பேருந்து வந்ததும் நடப்பது வேண்டுதலுக்குரிய செயலாகச் சுருங்கியது. டோலித் தொழில் மறைந்தது. ஆனால் மலைமேல் குறைந்த நடை கீழே குறையவில்லை. ரயிலிலிருந்து பேருந்துக்கு, பேருந்திலிருந்து தங்குமிடத்துக்கு, அங்கிருந்து கோவிந்தராசர் கோயிலுக்கு, பிறகு திருச்சானூர் வண்டிக்கு என்று, ஒரு யாத்திரிகர் திருப்பதித் தெருக்களில் பல தடவை கால்நடையாகவே குறுக்கும் நெடுக்கும் போகிறார். 2011 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்த இந்த ஊருக்கு, நாள்தோறும் அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம் பேர் வரை தரிசனத்துக்காக வந்து போகிறார்கள்.

இந்தக் கூட்டத்தின் இயல்பு தனி. வேறு ஊர்களில் காலை ஒன்பது மணியும் மாலை ஆறு மணியும் நெரிசல் நேரம். திருப்பதியில் நெரிசலை நிர்ணயிப்பவை தரிசன நேரச் சீட்டு, ரயில் வரும் நேரம், சனிக்கிழமை, புரட்டாசி மாதம், பிரம்மோற்சவம். விடியற்காலை மூன்று மணிக்கும் பேருந்து நிலையத்தில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் சாலையைக் கடக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு ஊர் புதிது. பலருக்குத் தெலுங்குப் பலகையைப் படிக்கத் தெரியாது. கையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, சிலருக்கு வேண்டுதலால் வெறுங்கால். பாட்டி பின்தங்கினால் முழுக் குடும்பமும் சாலை நடுவே நிற்கும். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்ற கணக்கில்தான் சிக்னலில் பச்சை விளக்குக்கு நேரம் ஒதுக்குவது வழக்கம். 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அந்தக் கணக்கில் ஏறத்தாழ 12 விநாடி போதும். லீலா மகால் சந்திப்பிலோ ரயில் நிலையத்து வாசலிலோ சிறிது நேரம் நின்று பார்த்த எவரும் அந்த 12 விநாடியை நம்ப மாட்டார்கள்.

போக்குவரத்தை எண்ணி ஆராயும் முறை இந்தியாவுக்கு வந்தது காரோடுதான். அமெரிக்காவின் ஒஹையோவில் 1930களின் நடுவில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் சாலையைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, வண்டிகளின் நெருக்கத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைக் கணித்தார். துறையின் தொடக்கம் என்று பலரும் அதைச் சொல்வார்கள். இந்தியாவில் எம். ஆர். ஜயகர் தலைமையிலான குழு 1927-இல் அமைந்தது. அதன் பரிந்துரைகளின் தொடர்ச்சியாக 1934-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் பிறந்தது. 1952-இல் டெல்லியில் மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. திருப்பதியில் 1954-இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1959-இல் அதன் பொறியியல் கல்லூரியும் வந்தன. சாலையோரத்தில் உட்கார்ந்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தாளில், வண்டி வகைவாரியாகக் கோடு கிழித்து எண்ணுவது இன்றும் சிவில் மாணவர்களின் பாடத்தில் ஒரு பகுதி.

அப்படி எண்ணியதை ஒன்றாகக் கூட்ட ஒரு பொது அலகு தேவை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் நகரச் சாலைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறி, காரை 1 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு எண் கொடுக்கிறது. போக்குவரத்தில் அந்த வகையின் பங்கைப் பொறுத்து இரு சக்கர வண்டிக்கு 0.5 முதல் 0.75, ஆட்டோவுக்கு 1.2 முதல் 2, பேருந்துக்கும் லாரிக்கும் 2.2 முதல் 3.7, டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு 4 முதல் 5. சைக்கிளுக்கும் குதிரை வண்டிக்கும் கைவண்டிக்கும்கூட அதில் இடம் உண்டு. நடப்பவருக்கு எண் இல்லை. அவர் சாலையின் பயனாளி என்ற வரிசையில் வராமல், சாலையின் ‘பக்க உராய்வு’ என்ற கணக்கில், வண்டியின் வேகத்தைக் குறைக்கும் காரணங்களில் ஒன்றாக வருகிறார். சித்தூர் போன்ற ஊருக்கு டிராக்டர் எண் மிகப் பொருந்தும். கரும்பும் வெல்லமும் ஏற்றிய டிராக்டர்கள், மாம்பழப் பருவத்தில் கூழ்த் தொழிற்சாலைகளை நோக்கி வரிசை கட்டும் வண்டிகள் ஆகியவற்றைக் கார்க் கணக்கில் மாற்றினால்தான் அங்குள்ள சாலைகளின் உண்மைப் பளு தெரியும். ஆனால் திருப்பதியின் பழைய வீதிகளை இதே அட்டவணையால் அளந்தால், அங்கே போக்குவரத்து மிகக் குறைவு என்ற முடிவுக்குத்தான் வர நேரும்.

நடப்பவருக்கென்று தனி நெறியை இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்டு, 2012-இல் திருத்தியது. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் அதைவிடக் கூடுதல், ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பவை அதன் முக்கிய அளவுகள். சாலையைக் கடக்க ஓரிடத்தில் வசதி தேவையா என்று முடிவு செய்ய நெடுங்காலமாக ஒரு சூத்திரம் வழங்குகிறது. உச்ச மணி நேரத்தில் கடப்பவர் எண்ணிக்கையை, வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுவில் பிரிப்பான் இல்லாத சாலையில் விடை 10 கோடியையும், பிரிப்பான் உள்ள சாலையில் 20 கோடியையும் தாண்டினால் வசதி தேவை. மணிக்கு 1,000 வண்டி ஓடும் பிரிப்பான் இல்லாத சாலையில் 100 பேர் கடந்தாலே 10 கோடியை எட்டிவிடும். மணிக்கு 150 வண்டிகளே நுழையும் மாட வீதியில் 3,000 பேர் கடந்தாலும் விடை 6.75 கோடிதான், எட்டாது. வண்டி குறைந்தால் இடைவெளி கிடைக்கும், காத்திருக்க வேண்டியதில்லை என்ற அளவில் சூத்திரத்தில் தவறில்லை. ஆனால் 3,000 பேர் நடக்கும் வீதியில் 150 வண்டிகளை ஏன் விட வேண்டும் என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. கோயில் ஊர்களில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

சித்தூர் 2011-இல் ஒன்றரை லட்சம் மக்கள் வாழ்ந்த ஊர், 2012-இல் மாநகராட்சியானது. நெடுந்தூர லாரிகள் புறவழிக்குப் போன பிறகும் எம்.எஸ்.ஆர். சந்திப்பு, காந்தி ரோடு, பிரகாசம் ஹை ரோடு ஆகியவற்றின் நெருக்கம் தணியவில்லை. நெடுஞ்சாலையாக வளர்ந்த தெரு என்பதால் கடைகள் சாலையின் விளிம்புவரை வந்து நிற்கின்றன. நடைபாதை என்று இருப்பது பல இடங்களில் சாக்கடையை மூடிய பலகைக் கல். அதன்மேல் கடையின் படி, பெயர்ப்பலகை, நிறுத்திய பைக். நடப்பவர் தார்ச்சாலையில் இறங்குகிறார். தெரு வியாபாரிகளை அகற்றிவிட்டால் நடைபாதை கிடைத்துவிடும் என்று நகராட்சிகள் எப்போதும் நம்பி வந்திருக்கின்றன. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. பூவும் பழமும் வாங்க நின்று நடப்பவர்கள்தான் அந்த வியாபாரிகளின் வாடிக்கையாளர்கள். வியாபாரிக்கும் இடம் குறித்துத் தர வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமும் சொல்கிறது. கல்மேல் நாள் முழுக்க நிற்கும் வண்டிகளையும் நிரந்தரப் படிகளையும் யாரும் அதே வேகத்தில் அகற்றுவதில்லை.

இந்த ஊர்களுக்கு வரும் நெடுஞ்சாலைகளிலும் நடப்பவர்கள் உண்டு. புரட்டாசியில் வேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தூர் வழியாகவும், சென்னையிலிருந்து திருத்தணி, ரேணிகுண்டா வழியாகவும் மஞ்சள் உடுத்தி நடந்து வருபவர்கள் ஆயிரக்கணக்கில். சென்னையிலிருந்து புறப்படும் திருக்குடைகளும் இந்தத் திசையில்தான் போகின்றன. நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தும்போது வெட்டப்பட்ட புளிய மரங்கள் அவர்களின் நிழலாக இருந்தவை. வண்டிகள் வேகமெடுக்கும் சாலையோரத்தில், இருட்டில், தனிப்பாதை இல்லாமல் நடப்பது ஆபத்தானது. ஆண்டுதோறும் குறித்த மாதத்தில் குறித்த வழியில் வரும் இந்தக் கூட்டத்தைச் சாலைத் திட்டங்கள் எதிர்பாராத ஒன்றாக நடத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

2016 செப்டம்பரில் திருப்பதி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. அதன் மிகப் பெரிய சாலைப் பணி ‘கருட வாரதி’ என்ற பெயரில் தொடங்கி ‘ஸ்ரீநிவாச சேது’ என்று முடிந்த மேம்பாலம். கபில தீர்த்தம் பக்கத்திலிருந்து பேருந்து நிலையப் பகுதி வழியாகத் திருச்சானூர் சாலையை நோக்கி ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் நீளம். செலவில் 67 விழுக்காட்டைத் தேவஸ்தானமும், மீதியை ஸ்மார்ட் சிட்டி நிறுவனமும் ஏற்க, 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மலைக்கு நேராகப் போகும் வண்டி ஊருக்குள் நுழையாமல் போக முடிவது உண்மையான பயன். நடப்பவரின் பயன் பாலத்துக்குக் கீழே கிடைக்கும் இடத்தைப் பொறுத்தது. மேலே போன வண்டிகளால் கீழே விடுபட்ட அகலம் நடைபாதையாகிறதா, நிறுத்துமிடமாகிறதா என்பதில்தான் அந்தப் பாலம் ஊருக்கு எவ்வளவு உதவியது என்பது தெரியும்.

இதே ஆண்டுகளில் மலைப் பாதைக்குக் கிடைத்த கவனம் வியக்க வைக்கிறது. அலிபிரிப் படிகளின் கூரையைப் புதுப்பிக்க 2021-இல் பாதையை மாதக்கணக்கில் மூடினார்கள். அந்த ஆண்டு நவம்பர் மழையில் சிதைந்த ஸ்ரீவாரி மெட்டை அடுத்த மே மாதத்துக்குள் சீராக்கித் திறந்தார்கள். இந்தப் பாதைகளில் கூரை, கழிப்பறை, குடிநீர், முதலுதவி எல்லாம் உண்டு. மூட்டையைக் கீழே ஒப்படைத்தால் மேலே வாங்கிக் கொள்ளலாம். நடந்து வருபவருக்குத் தரிசனத்தில் தனிச் சீட்டும் தரப்படுகிறது. அலிபிரிப் பாதையில், மான் பூங்காவைத் தாண்டி ஒரு பகுதியில் நடைபாதையும் இறங்கும் மலைச்சாலையும் ஒட்டிப் போகின்றன. அங்கு மட்டும் கீழேயுள்ள ஊரின் அதே சிக்கல் மேலேயும் தலைகாட்டுகிறது. 2023 ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இந்தப் பாதையில் சிறுத்தைக்குப் பலியானாள். அதன் பிறகு பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஏறத் தடை வந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் மலைச்சாலையில் இரு சக்கர வண்டிகளும் நிறுத்தப்பட்டன.

நகர்பவர்களைப் போலவே நிற்பவர்களும் கணக்கில் சேர வேண்டியவர்கள். முன்பு திருமலையில் வரிசை மாட வீதியைச் சுற்றித் திறந்த வெளியில் நின்றது. வைகுண்டம் காத்திருப்பு வளாகம் கட்டிய பிறகு அந்தக் கூட்டம் அறை அறையாக உட்கார்ந்தது. ஜான் ஃபுரூயின் 1971-இல் வெளியிட்ட நடப்போர் வடிவமைப்பு நூலில், காத்திருக்கும் ஒருவருக்கு 0.2 சதுர மீட்டருக்கும் குறைவாக இடம் இருந்தால் அது அபாயத்தின் விளிம்பு என்று வகுத்தார். அந்த நிலையில் தனி மனிதரின் விருப்பத்துக்கு இடமில்லை. கூட்டம் முழுவதும் ஒரே அலையாக அசையும். வளாகத்தின் அறைகள் அந்த அலையைத் துண்டுபோட்டன. மலைமேல் நன்கு தெரிந்த இந்தப் பாடம் 2025 ஜனவரி 8 இரவு கீழே பைராகிப்பட்டேடாவில் கைகொடுக்கவில்லை. வைகுண்ட வாசல் தரிசனச் சீட்டுக்காகப் பூங்கா ஒன்றில் காத்திருந்தவர்கள் வாயில் திறந்ததும் முண்டியடித்ததில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். இறந்தோரில் தமிழ்நாட்டவரும் இருந்தார்கள். சீட்டுக் கொடுக்கும் இடமும் ஒரு நடைபாதை வசதிதான் என்று அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

அதே ஆண்டு மே மாதம், கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், தடையில்லாத நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்கள் நடைபாதைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வகுக்க வேண்டும், அவற்றை மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தக் கூடியதாக அமைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இந்த ஆணை திருப்பதிக்கும் சித்தூருக்கும் எட்டும்போது முதலில் தேவைப்படுவது புதிய எண்ணிக்கை: எம்.எஸ்.ஆர். சந்திப்பில் சந்தை நாளிலும், கோவிந்தராசர் மாட வீதியில் சனிக்கிழமையிலும், புரட்டாசியில் ரேணிகுண்டா சாலையிலும், கார், டிராக்டர் பத்திகளுக்கு அருகே நடப்பவருக்கும் ஒரு பத்தி போட்டு, அதிகாலை மூன்று மணியிலிருந்து எடுக்கப்படும் எண்ணிக்கை.